கடல் தாண்டிப் போன ஆலிம்கள்

சூரத் என்றால் நமக்குச் சேலை நினைவுக்கு வரும். ஜவுளிக் கடையில் "இது சூரத் சேலை" என்று எடுத்துப் போடுவார்கள். அந்தச் சூரத் குஜராத் மாநிலத்தில் இருக்கிறது. தபதி ஆற்றின் கரையில் உள்ள பெரிய நகரம்.

ஆற்றின் மறுகரையில் ராந்தேர் என்று ஓர் ஊர். இன்று அது சூரத் நகரத்தோடு சேர்ந்துவிட்டது. ஒரு காலத்தில் அது தனித் துறைமுகம். வணிகர்கள் நிறைந்த ஊர். 1530-ஆம் ஆண்டில் போர்ச்சுகீசியர்கள் கப்பலில் வந்து அந்த ஊரைக் கொளுத்தினார்கள். அதன் பிறகு வியாபாரம் மெல்ல மெல்ல சூரத்துக்குப் போய்விட்டது.

ஆனால் ராந்தேரின் பெயர் வேறு ஒரு நாட்டில் நிலைத்து நிற்கிறது. இந்தோனேசியாவில், சுமத்ரா தீவின் வடக்கு முனையில், அச்சே என்ற பகுதி இருக்கிறது. அங்கே ஒரு பல்கலைக்கழகம். அதன் பெயர் அர்-ரானீரி பல்கலைக்கழகம். 'ரானீரி' என்றால் ராந்தேர்க்காரர் என்று பொருள்.

யார் அந்த ராந்தேர்க்காரர்? அவர் ஏன் அவ்வளவு தூரம் போனார்? போய் என்ன செய்தார்? இந்தப் பாடத்தில் அதைப் படிப்போம்.

காற்றுக்குக் காத்திருந்த கப்பல்கள்

அந்தக் காலக் கப்பலுக்கு எந்திரம் கிடையாது. பாய்மரம்தான். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம்தான் போக முடியும். நம் கடலில் சில மாதங்கள் தென்மேற்கிலிருந்து காற்று அடிக்கும். சில மாதங்கள் வடகிழக்கிலிருந்து அடிக்கும். இது நம் மீனவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

காற்று மாறும்வரை கப்பல் துறைமுகத்திலேயே கிடக்கும். கப்பலில் வந்தவர்களும் அங்கேயே மாதக்கணக்கில் தங்குவார்கள். சிலர் வீடு பிடித்தார்கள். சிலர் அந்த ஊர்ப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார்கள். குழந்தை பிறந்தது. தொழுவதற்கு ஓர் இடம் வேண்டும். குழந்தைக்கு ஓதிக் கொடுக்க ஓர் ஆசிரியர் வேண்டும். இப்படித்தான் வணிகர்களுக்குப் பின்னால் ஆலிம்கள் வந்தார்கள். ஆலிம் என்றால் மார்க்கக் கல்வி கற்றவர்.

சுமத்ராவுக்கு இஸ்லாம் போனது இப்படித்தான். எந்த நாட்டுப் படையும் போய் அதை அங்கே வைக்கவில்லை. குஜராத்திலிருந்து துணி போனது. அங்கிருந்து மிளகு வந்தது. தமிழ் முஸ்லிம் வணிகர்களும் அந்தக் கடலில் போய்வந்தார்கள். அரேபியாவின் தென்பகுதியில் ஹத்ரமௌத் என்ற வறண்ட பகுதி உண்டு. இன்று அது ஏமன் நாட்டில் இருக்கிறது. அங்கே பிழைக்க வழி குறைவு. அந்த மக்கள் குஜராத்திலும் கேரளத்திலும் சுமத்ராவிலும் குடியேறினார்கள்.

சுமத்ராவில் சமுத்ரா பாசை என்று ஒரு துறைமுகம் இருந்தது. அங்கே ஆண்ட முதல் முஸ்லிம் மன்னர் மாலிக்குஸ் ஸாலிஹ். அவருடைய கல்லறைக் கல்லில் உள்ள ஆண்டு 1297. சுமார் ஐம்பது ஆண்டுகள் கழித்து இப்னு பதூதா என்ற பயணி அங்கே போனார். மன்னரின் அவையில் ஈரானிலிருந்து வந்த அறிஞர்கள் இருந்ததை எழுதியிருக்கிறார். மன்னருக்கு அவர்களோடு உட்கார்ந்து விவாதிப்பதில் ஆசை அதிகம் என்றும் சொல்கிறார்.

பாடத்தை மாற்றிய ஆசிரியர்

இனி ராந்தேர்க்காரர் கதைக்கு வருவோம். அவர் பெயர் நூருத்தீன். ஹத்ரமௌத்திலிருந்து வந்து குஜராத்தில் தங்கிய குடும்பம் அவருடையது. அவருக்கு முன்பே அந்தக் குடும்பத்தில் ஒருவர் அச்சேவுக்குப் போயிருந்தார். அவர் பெயர் முகமது ஜீலானி. நூருத்தீனின் அப்பாவுடன் பிறந்தவர்.

ஜீலானி போனது 1580-களில். அவர் தர்க்கம், பேச்சுக் கலை, மார்க்கச் சட்டம் எல்லாம் கற்றவர். அதைத்தான் சொல்லிக் கொடுத்தார். ஆனால் அச்சே மக்களுக்கு அது போதவில்லை. அவர்கள் கேட்டது சூஃபி ஞானம். அதாவது, இறைவனை மனத்தால் நெருங்கும் வழியைச் சொல்லும் கல்வி. ஜீலானிக்கு அது அவ்வளவாகத் தெரியாது.

நாமாக இருந்தால் என்ன செய்வோம்? "தெரிந்ததைத்தான் சொல்லித் தர முடியும்" என்று சொல்லியிருப்போம். அவர் அப்படிச் சொல்லவில்லை. அச்சேவிலிருந்து கிளம்பி மக்காவுக்குப் போனார். அங்கே அந்தக் கல்வியைக் கற்றார். மறுபடி கப்பல் ஏறி அச்சேவுக்கு வந்தார். மக்கள் கேட்ட பாடத்தையே நடத்தினார்.

மாணவர்களுக்காக ஆசிரியர் மறுபடி மாணவரானார்! நான் கற்பிக்கும் மையத்தில் இதைப் படித்துக் காட்டினேன். ஓர் அக்கா உடனே கேட்டார்: "அப்ப நாங்க கேட்ட வட்டிக் கணக்கை நீ எப்பம்மா படிச்சுட்டு வரப் போற?" எல்லோரும் சிரித்தார்கள். மறுவாரம் நான் படித்துக்கொண்டு போனேன்.

இந்தச் செய்தி நமக்கு எப்படித் தெரியும்? பிற்காலத்தில் நூருத்தீன் ஒரு பெரிய நூல் எழுதினார். அதில் இதை எழுதி வைத்திருக்கிறார்.

மூன்று புள்ளி

நூருத்தீன் 1637-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள் அச்சேவில் இறங்கினார். அப்போது அச்சே பணக்கார நாடு. மிளகு வாங்க டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் அங்கே வந்து நின்றார்கள். இஸ்கந்தர் தானி என்ற சுல்தான் ஆண்டார். அவர் நூருத்தீனுக்கு உயர்ந்த பதவி கொடுத்தார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நூருத்தீன் படித்த மொழி அரபு. ஆனால் அச்சேவில் அவர் மலாய் மொழியில் எழுதினார். கடலோர மக்கள் பலருக்கும் பொதுவாக இருந்த மொழி அதுதான். சொல்லப்போனால், அச்சேவில் இறங்குவதற்கு மூன்று ஆண்டு முன்பே, 1634-இல், அவர் மலாய் மொழியில் ஒரு புத்தகம் எழுதத் தொடங்கிவிட்டார். அதன் பெயர் 'சிராத்துல் முஸ்தகீம்'. நேரான வழி என்று பொருள்.

அது பெரிய தத்துவப் புத்தகம் அல்ல. அன்றாட வாழ்க்கைக்கு வேண்டிய புத்தகம். தொழுகைக்கு முன் எப்படி ஒளு செய்வது? நோன்பு எப்படி வைப்பது? ஜகாத் எவ்வளவு கொடுப்பது? எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது? இதெல்லாம் அதில் இருக்கிறது. அரபு தெரியாத ஒருவர், இன்னொருவர் தயவு இல்லாமல், தானே படித்துத் தெரிந்துகொள்ளலாம்.

மலாய் மொழியை அப்போது அரபு எழுத்தில் எழுதினார்கள். அந்த எழுத்துக்கு ஜாவி என்று பெயர். ஆனால் ஒரு சிக்கல். அரபு மொழியில் 'ப' என்ற ஒலி கிடையாது. 'ங' கிடையாது. 'ஞ' கிடையாது. மலாய் மொழியில் இவை எல்லாம் உண்டு. என்ன செய்வது?

புள்ளி வைத்தார்கள். அரபு மொழியில் 'ஃப' ஒலிக்கு ஓர் எழுத்து உண்டு. அதற்கு மேலே ஒரு புள்ளி இருக்கும். அதையே மூன்று புள்ளி ஆக்கினால் 'ப'. 'ஐன்' என்று ஓர் எழுத்து உண்டு. அதற்குப் புள்ளியே கிடையாது. அதன் தலையில் மூன்று புள்ளி வைத்தால் 'ங'. இந்த வேலை நூருத்தீன் வருவதற்கு வெகுகாலம் முன்பே நடந்து முடிந்துவிட்டது. யார் முதலில் புள்ளி வைத்தாரோ, அவர் நல்ல ஆசிரியராகத்தான் இருந்திருப்பார்.

நம் காயல்பட்டினம், கீழக்கரை பக்கத்தில் அரபுத் தமிழ் என்று ஒன்று உண்டு. தமிழை அரபு எழுத்தில் எழுதுவது. அங்கேயும் இதே வேலை நடந்தது. 'ட', 'ண', 'ள', 'ழ' ஆகியவற்றுக்குப் புள்ளியும் கோடும் சேர்த்துப் புது எழுத்து செய்தார்கள். வீட்டில் இருந்த பெண்கள் பலர் அந்த எழுத்தில்தான் மார்க்க நூல்களைப் படித்தார்கள்.

எழுத்து மட்டும் அல்ல. சொற்களிலும் ஒரு செய்தி இருக்கிறது. மலாய் மொழியில் நோன்புக்கு 'புவாசா' என்று பெயர். நம் 'உபவாசம்' என்ற சொல்லோடு பிறந்தது அது. சொர்க்கத்துக்கு 'சுர்கா'. நரகத்துக்கு 'நெராகா'. புண்ணியத்துக்கு 'பஹாலா'. இது 'பலன்' என்ற சொல்லின் உறவு. பாவத்துக்கு 'தோசா'. இது 'தோஷம்'. மதத்துக்கு 'அகாமா'. இது 'ஆகமம்'. எல்லாம் இஸ்லாம் வருவதற்கு முன்பே அந்த மக்களிடம் இருந்த சொற்கள். ஆலிம்கள் அவற்றைத் தூக்கி எறியவில்லை. மக்கள் வாயில் இருந்த சொல்லிலேயே புதுப் பாடத்தைச் சொன்னார்கள். தமிழிலும் அப்படித்தானே? தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் எல்லாம் தமிழ்ச் சொற்கள்தான்.

இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மலாய் மொழியில் கப்பலுக்கு 'கபால்'. கடைக்கு 'கெடாய்'. பெட்டிக்கு 'பெத்தி'. இவை நம் ஊரிலிருந்து கப்பல் ஏறிப் போன சொற்கள்.

தீயில் போட்ட புத்தகங்கள்

இதுவரை நல்ல செய்தி. இனி வருவது அப்படி அல்ல.

நூருத்தீனுக்கு முன்பே அச்சேவில் பெரிய ஞானிகள் இருந்தார்கள். ஒருவர் ஹம்சா பன்சூரி. அவர் ஒரு கவிஞர். அரபும் பாரசீகமும் தெரியாத மக்களுக்காகவே மலாயில் எழுதுகிறேன் என்று சொன்னவர். அவர் வழியில் வந்தவர் ஷம்சுத்தீன். அவர் 1630-இல் இறந்தார். முந்தைய சுல்தானுக்கு அவர் மேல் பெரிய மரியாதை.

ஹம்சா கடலையும் அலையையும் காட்டிப் பாடினார். அலை கடலிலிருந்து எழுகிறது. கடலிலேயே அடங்குகிறது. அலை வேறு, கடல் வேறு என்று பிரிக்க முடியுமா? இறைவனும் உலகமும் அப்படித்தான் என்றார்.

நூருத்தீன் இதை ஏற்கவில்லை. படைத்தவன் வேறு, படைக்கப்பட்டது வேறு. இரண்டையும் ஒன்று என்பது மார்க்கத்துக்கு விரோதம் என்றார். விவாதம் நடந்தது. கருத்து வேறுபாடு புதியது அல்ல. முன்பும் அரபு நாட்டு ஆலிம்கள் அச்சேவில் வாதாடியிருக்கிறார்கள். வாதாடிவிட்டு ஊருக்குப் போயிருக்கிறார்கள். ஆனால் நூருத்தீன் பக்கம் சுல்தான் இருந்தார்.

ஹம்சா வழியில் நடந்தவர்களை மார்க்கத்தை விட்டு விலகியவர்கள் என்று நூருத்தீன் தீர்ப்புச் சொன்னார். மனம் மாற மறுத்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய புத்தகங்களைக் கொண்டுவந்து, பைத்துர் ரஹ்மான் பள்ளிவாசல் முன்னால் குவித்துத் தீ வைத்தார்கள். இது அவருக்கு ஆகாதவர்கள் எழுதிய செய்தி அல்ல. நூருத்தீனே தம் நூல்களில் எழுதியிருக்கிறார்.

இந்த இடத்தைச் சட்டென்று தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. மலாய் மொழிக்கு அவ்வளவு செய்தவர் அவர். அவரே மலாய்ப் புத்தகங்களை எரிக்கச் சொன்னார். அப்போது அச்சுப் புத்தகம் கிடையாது. ஒவ்வொன்றும் கையால் எழுதியது. ஒரு புத்தகத்தைப் படியெடுக்க மாதக்கணக்கில் ஒருவர் குனிந்து உட்கார்ந்து எழுத வேண்டும். ஒரு வரி நேராக எழுத நமக்கு எவ்வளவு பாடு! புத்தகம் போனால் மறுபடி எழுதலாம். உயிர்?

ஆனாலும் ஹம்சாவின் பாடல்கள் அழியவில்லை. யாரோ படியெடுத்து வைத்திருந்தார்கள். அவை இன்றும் அச்சில் கிடைக்கின்றன.

இதே காலத்தில்தான் சுல்தான் கேட்டுக்கொண்டபடி நூருத்தீன் தம் பெரிய நூலையும் எழுதினார். அதன் பெயர் 'புஸ்தானுஸ் ஸலாத்தீன்'. மன்னர்களின் தோட்டம் என்று பொருள். 1638-இல் தொடங்கினார். ஏழு பகுதிகள். உலகம் படைக்கப்பட்ட கதையிலிருந்து அச்சேவின் வரலாறு வரை அதில் உண்டு. அச்சேவைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் அதைத்தான் முதலில் புரட்டுகிறார்கள்.

1641-இல் இஸ்கந்தர் தானி இறந்தார். அவர் மனைவி சபியத்துத்தீன் அரியணை ஏறினார். ஆம், ஒரு பெண். 1675 வரை 34 ஆண்டுகள் ஆண்டார். அவருக்குப் பிறகும் தொடர்ந்து மூன்று ராணிகள் ஆண்டார்கள்.

1643-இல் சைபுல் ரிஜால் என்ற ஆலிம் அச்சேவுக்குத் திரும்பி வந்தார். இவர் சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களில் ஒருவர். பழைய ஞானிகளின் பக்கம் நின்று நூருத்தீனோடு வாதாடினார். நாள்தோறும் வாதம். அப்போது அங்கே இருந்த டச்சு வணிகர் ஒருவர் இதைத் தம் குறிப்பில் எழுதியிருக்கிறார். ராணியிடம் தீர்ப்புக் கேட்டார்கள். இந்த விஷயம் எனக்குத் தெரியாது என்று அவர் சொல்லிவிட்டார். தலைவர்கள் கூடி முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார். மக்கள் ஆதரவு சைபுல் ரிஜால் பக்கம் போனது.

1644-இல் நூருத்தீன் அவசரமாகக் கப்பல் ஏறினார். எழுதிக்கொண்டிருந்த ஒரு நூலை முடிக்கக்கூட நேரம் இல்லை. அதை முடிக்கும்படி மாணவர் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போனார். ஏழு ஆண்டு வாழ்க்கை அப்படி முடிந்தது. ராந்தேருக்கே திரும்பினார். அங்கே 1658-இல் இறந்தார்.

பத்தொன்பது ஆண்டுகள் படித்தவர்

இந்தச் சண்டை நடந்த நாட்களில், அச்சேவைச் சேர்ந்த ஓர் இளைஞர் அரபு நாட்டுக்குக் கிளம்பினார். சிங்கில் என்ற கடற்கரைப் பகுதியைச் சேர்ந்தவர். பெயர் அப்துர் ரவூப். ஏமனில் படித்தார். மக்காவில் படித்தார். மதீனாவில் நெடுநாள் படித்தார். மொத்தம் 19 ஆண்டுகள். 1661-இல் ஊர் திரும்பினார்.

ராணி சபியத்துத்தீன் அவரை அழைத்தார். மார்க்கச் சட்டத்தை மலாய் மொழியில் ஒரு நூலாக எழுதித் தரச் சொன்னார். அவர் முதலில் தயங்கினார். என்ன காரணம் தெரியுமா? அரபு நாட்டில் இத்தனை ஆண்டு இருந்துவிட்டதால் மலாய் மொழி தமக்குச் சரளமாக வரவில்லை என்றார். பிறகு நண்பர்கள் இருவர் உதவியோடு எழுதி, 1663-இல் முடித்தார். வெளியூர்க்காரர் ஒருவர் மலாய் கற்று எழுதினார். உள்ளூர்க்காரர் ஒருவர் மலாயை மறந்து, மறுபடி கற்று எழுதினார்!

அவர் செய்த இன்னொரு பெரிய வேலை, குர்ஆன் முழுவதற்கும் மலாய் மொழியில் விளக்கம் எழுதியது. மலாய் மொழியில் முழுமையான விளக்கம் அதுதான் முதல். 'தர்ஜுமானுல் முஸ்தஃபீத்' என்று பெயர். 1884-இல் துருக்கியின் இஸ்தான்புல் நகரில் அது அச்சானது.

எரிந்த புத்தகங்களைப் பற்றி அவர் என்ன சொன்னார்? நூருத்தீன் பெயரைச் சொல்லி அவர் எங்கும் தாக்கவில்லை. ஆனால் மதீனாவில் இருந்த தம் ஆசிரியர் இப்ராஹீம் அல்-கூரானிக்கு அச்சே சண்டையைப் பற்றி எழுதிக் கேட்டார். தம் நூல் ஒன்றில் நபிகள் நாயகத்தின் எச்சரிக்கை ஒன்றை நினைவூட்டினார். ஒருவரை 'மார்க்கத்தை விட்டவர்' என்று சொல்லாதீர்கள். அது உண்மை இல்லை என்றால், அந்தப் பழி சொன்னவர் மேலேயே திரும்பும் என்பது அதன் கருத்து.

ஓரத்தில் அச்சான புத்தகம்

நூருத்தீனின் 'நேரான வழி' என்ன ஆயிற்று? அது ஊர் ஊராகப் போனது. மலேசியாவில் உள்ள கெடாவின் பழைய மன்னர் வரலாற்று நூல், அச்சேவிலிருந்து அந்தப் புத்தகம் தங்களுக்கு வந்ததைச் சொல்கிறது.

போர்னியோ தீவில் பஞ்சார் என்ற நாடு இருந்தது. அங்கே அர்ஷத் என்ற ஆலிம். அவரும் சுமார் 30 ஆண்டுகள் அரபு நாட்டில் படித்துவிட்டு 1772-இல் திரும்பியவர். 'நேரான வழி' நல்ல புத்தகம்தான், ஆனால் அதில் அச்சேச் சொற்கள் கலந்திருக்கின்றன, எங்கள் மக்களுக்குப் புரியவில்லை என்றார். குறை சொல்லிவிட்டு நிற்கவில்லை. 1781-க்குள் புதிதாக ஒரு நூல் எழுதி முடித்தார். அது மலாய் நாடுகள் எங்கும் பரவியது. பிற்காலத்தில் அதை அச்சிட்டபோது, பக்கத்தின் நடுவில் அர்ஷத்தின் நூலை வைத்தார்கள். ஓரத்தில் நூருத்தீனின் நூலையும் சேர்த்தே அச்சிட்டார்கள். ஒரே பக்கத்தில் இரண்டு ஆசிரியர்கள்.

அப்துர் ரவூப் 1693-இல் இறந்தார். அச்சே ஆறு கடலில் சேரும் இடத்தில் அவர் கல்லறை இருக்கிறது. அதனால் மக்கள் அவரை 'சியா குவாலா' என்று அழைத்தார்கள். முகத்துவாரத்து ஆசிரியர் என்று பொருள். 1961-இல் அச்சேவில் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். 1963-இல் தொடங்கிய மார்க்கக் கல்லூரிக்கு ரானீரியின் பெயரை வைத்தார்கள். அதுதான் இன்று அர்-ரானீரி பல்கலைக்கழகம். தீர்ப்புச் சொன்னவர் பெயரில் ஒன்று. எச்சரிக்கை சொன்னவர் பெயரில் ஒன்று. இரண்டும் பண்டா அச்சே நகரில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

பேசிப் பாருங்கள்

1. ஜீலானி ஏன் மக்காவுக்குப் போனார்? அவர் செய்தது உங்களுக்குச் சரி என்று படுகிறதா?

2. இந்தியப் படத்தில் சூரத்தையும் காயல்பட்டினத்தையும் காட்டுங்கள். உலகப் படத்தில் ஏமன், மக்கா, சுமத்ரா எங்கே இருக்கின்றன?

3. வேறு மொழியிலிருந்து வந்து நம் வீட்டில் புழங்கும் சொற்கள் ஐந்து எழுதுங்கள்.

4. ஒருவர் கருத்து நமக்குப் பிடிக்கவில்லை. அதற்காக அவர் எழுதியதை எரிக்கலாமா? ஹம்சாவின் பாடல்களைப் படியெடுத்து ஒளித்து வைத்தவர் நீங்களாக இருந்தால், உங்களுக்கு என்னென்ன பயம் இருந்திருக்கும்?